வளர்ந்த பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அன்றாடத்தை எப்படி ஓட்டுகிறீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் 27 வயதில், போன ஆடி மாதம், பைக் விபத்தில் தவறிவிட்டான். சென்னையில் ஐ.டி. வேலை. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் இப்போது நான், மனைவி, எம்.காம். முடித்த மகள். ஊர் ஈரோடு பக்கம்.

ஆறுதல் தேடி இந்த இழையைத் தொடங்கவில்லை. துக்கம் விசாரிக்க ஊரே வந்தது. எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனுக்கு நான் வைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, பந்தலைப் பிரித்தார்கள், அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். நான் கேட்பது அதற்கு அப்புறம் வருகிற நாட்களைப் பற்றி.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று சாதாரணமாகக் கேட்கிறார். எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அவன் போன் பீரோவில் இருக்கிறது, மாதா மாதம் ரீசார்ஜ் செய்கிறேன். எதற்கப்பா என்று மகள் கேட்கிறாள். வீட்டுக் கரண்ட் பில்லை அவன்தான் ஆன்லைனில் கட்டுவான், பில் மெசேஜ் இன்னும் அவன் நம்பருக்குத்தான் வருகிறது. மனைவி பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. பி.எஃப்., பேங்க், கோர்ட் என்று ஒரு ஃபைல் கிடக்கிறது, அதைத் திறந்தாலே கை நடுங்குகிறது.

இந்த வழியில் எனக்கு முன்னால் நடந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.


செம்பருத்தி எழுதியது:

அண்ணா, நான் மதுரை. என் மூத்த மகள் 31 வயதில் மார்பகப் புற்றுநோயில் போனாள். சில வருஷம் ஆகிவிட்டது.

"எத்தனை பிள்ளைங்க?" என்ற கேள்வி எனக்கும் தொண்டையில் முள்ளாக இருந்தது. ஒரு பிள்ளை என்று சொன்னால் அவளுக்குத் துரோகம் செய்த மாதிரி இருக்கும். இரண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், "என்ன பண்றாங்க, எங்க கட்டிக் கொடுத்தீங்க?" என்று. இப்போது நான் "ரெண்டு பொண்ணு" என்று மட்டும் சொல்வேன். எதிரில் இருப்பவர் அதோடு விட்டால் சரி. மேலே கேட்டால், "மூத்தவ தவறிட்டா, ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்தா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். டீச்சராக இருந்தாள் என்பதைச் சேர்த்துச் சொல்வதால் அவருக்கு அடுத்துப் பேச ஒரு பிடி கிடைக்கிறது. "எந்த ஸ்கூல்?" என்பார். அப்போது அவள் சாவைப் பற்றிப் பேசாமல் அவளைப் பற்றிப் பேசலாம்.

பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்பில் இறங்கப்போகிறவருக்கு முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சுகர் ஏன் ஏறியது, தூக்கம் ஏன் இல்லை என்பதெல்லாம் அவருக்கு அப்போதுதான் பிடிபடும்.


கரிசல்காட்டான் எழுதியது:

போன் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் தம்பி மகன் போனபோது இந்த வேலையெல்லாம் என் தலையில்தான் விழுந்தது.

ரீசார்ஜை நிறுத்தாதீர்கள், குறைந்தது காகித வேலை முடியும்வரை. பேங்க், பி.எஃப்., இன்சூரன்ஸ் தொடர்பான தகவல் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். ரீசார்ஜும் இல்லாமல் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் நம்பர் துண்டிக்கப்படலாம். துண்டித்த பிறகு இன்னொரு 90 நாளாவது கழித்து அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு நாள் உங்கள் மனைவி அந்த நம்பருக்கு அடித்தால் யாரோ எடுப்பார்கள். அது வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா இருந்தால் தானாக அழிந்துவிடும். எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு நாள் காலையில், குட்மார்னிங் படங்களுக்கு நடுவில், அவன் பெயரைப் போட்டு "வெளியேறினார்" என்று ஒரு வரி வந்தது. என் தம்பி மனைவி அதைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனுடைய போனை அவ்வப்போது சார்ஜ் போட்டு, நெட்டை ஆன் செய்து, வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்தால் இது நடக்காது.

அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை இன்றைக்கே எடுத்து வையுங்கள். உங்கள் போனில் அவனோடு பேசிய சாட்டைத் திறந்தால் 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கும், மீடியாவோடு சேர்த்து எடுத்து ஒரு பென் டிரைவில் போடுங்கள். கூகுளும் 2 வருஷம் யாரும் திறக்காத கணக்கை அழிக்கிறது. அவன் போட்டோக்கள் அங்கேதான் இருக்கும், முதலில் அதை இறக்குங்கள். மகளுக்கு இந்த வேலை சுலபமாக வரும், ஆனால் அவளைத் தனியாக உட்காரவிடாதீர்கள். படம் படமாக வந்துகொண்டே இருக்கும்.


காவிரிக்கரை எழுதியது:

செம்பருத்தி அம்மா, கரிசல்காட்டான் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. வாய்ஸ் மெசேஜ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. "அப்பா, கேஸ் புக் பண்ணிட்டேன்" என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்து வைத்தாகிவிட்டது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவன் நண்பர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊர் முழுக்க ஒட்டினார்கள். அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் பால் பூத்துக்கு எதிரில் உள்ள டிரான்ஸ்பார்மர் தூணில் ஒன்று இன்னும் இருக்கிறது. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஒரு பக்கக் கன்னம் உரிந்து தொங்குகிறது. அதன் மேலேயே பாதி மறைத்து டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தினமும் காலையில் அதைப் பார்க்கிறேன். கிழிக்கக் கை வரவில்லை. அவன் முகத்தை நான் எப்படிக் கிழிப்பேன்? மனைவி அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.


பைபாஸ்_ரைடர் எழுதியது:

அப்பா, எனக்கு 26 வயசு. என் நண்பனுக்கு இதே மாதிரி போஸ்டர் ஒட்டியவன் நான். அந்த ராத்திரி எங்களுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மைதா பசை காய்ச்சி, விடிய விடிய ஒட்டினோம். அதை யார் எடுப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை, இப்போது உங்கள் பதிவைப் படித்ததும் நெஞ்சு அடைக்கிறது.

அவன் நண்பர்களில் ஒருவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். வெந்நீரை ஊற்றி ஊறவைத்து, முழுசாக உரித்து எடுத்துவிடலாம், கிழிக்க வேண்டியதில்லை. அவர்கள் கட்டாயம் வருவார்கள். தயங்காதீர்கள்.

ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நண்பர்கள் வீட்டுப் பக்கம் வராமல் இருப்பது மறந்ததால் இல்லை. எங்களைப் பார்த்தால் அம்மா அழுவார்களே என்ற பயம். அவன் வயசில், அவன் உயரத்தில், நாங்கள் உயிரோடு வந்து நிற்கிறோமே என்ற கூச்சம். என் நண்பனுடைய அம்மா ஒரு நாள் அவராகவே கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்கடா" என்றார். அதற்கு அப்புறம்தான் எங்களால் அந்த வாசல்படி ஏற முடிந்தது. அவனைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத எத்தனையோ கதை எங்களிடம் இருக்கிறது.


நல்லதே_நினை எழுதியது:

ஐயா, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். விதி முடிந்தால் யார் என்ன செய்ய முடியும். வருஷம் முடிவதற்குள் மகளுக்கு ஒரு கல்யாணத்தை முடித்துவிடுங்கள். வீட்டில் ஒரு நல்லது நடந்தால் துக்கம் தானாக இறங்கும். பேரன் பிறந்தால் உங்கள் மகனே திரும்பி வந்த மாதிரி. இதைத்தான் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.


தங்கை எழுதியது:

மேலே எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், ஆனாலும் இதற்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். அண்ணனைப் பறிகொடுத்தவள் நான். வருஷத்துக்குள் நல்லது நடக்கவேண்டும் என்று எனக்கும் அவசரமாக முடித்தார்கள். மண்டபத்தில் அண்ணன் நின்று செய்யவேண்டிய ஒவ்வொரு சடங்குக்கும் சித்தப்பா மகன் வந்து நின்றான். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும்போது அம்மா மயங்கி விழுந்தார்.

மிச்சமிருக்கும் பிள்ளைக்கும் கூடப்பிறந்தவன் போயிருக்கிறான். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும், "அம்மாவைப் பார்த்துக்கோ, இனிமே நீதான் எல்லாம்" என்றே சொல்வார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். என் பிள்ளை என் அண்ணனாகத் திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்த்தால் அந்தக் குழந்தைக்கும் பாரம், எனக்கும் பாரம்.

காவிரிக்கரை அப்பா, உங்கள் மகளிடம் கேளுங்கள். கல்யாணம் வேண்டும் என்று அவளே சொன்னால் செய்யுங்கள். வேலைக்குப் போகிறேன் என்றால் விடுங்கள். அவள் ராத்திரி லேட்டாக வந்தால் உங்களுக்குப் பயம் வரும், பத்து முறை போன் அடிப்பீர்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். ஆபீஸைவிட்டுக் கிளம்பும்போது நான் ஒரு மெசேஜ் போடுவேன், அவர் போன் அடிக்க மாட்டார். இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.


நல்லதே_நினை எழுதியது:

அம்மா, நான் கேள்விப்பட்டதைத்தான் எழுதினேன். நீங்கள் அனுபவித்தவர், நீங்கள் சொல்வதே சரி. மன்னிக்கவும்.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

கல்யாணம் என்றதும் எனக்கு ஒன்று எழுதத் தோன்றுகிறது. என் மகன் 34 வயதில் மாரடைப்பில் போனான். அதிலிருந்து சொந்தத்தில் எந்த வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. புத்திர சோகக்காரி வந்து வளையல் போடக் கூடாதாம். யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, பத்திரிகை மட்டும் வருவதில்லை. என் கூடப்பிறந்த தங்கை மகள் வளைகாப்பையே நான் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் கலந்த சாதம் கிளறுவது நான்தான். எலுமிச்சை, புளி, தேங்காய், எல்லாம் என் கைப்பக்குவம். பிள்ளை போனதும் என் கை ஆகாத கையாகிவிட்டதா? இது எனக்கு அவன் போன துக்கத்துக்கு மேல் இன்னொரு துக்கம். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது விசேஷம் இருந்தால், எங்களை மாதிரி இருப்பவர்களை நேரில் போய்க் கூப்பிடுங்கள். வருவதும் வராததும் எங்கள் இஷ்டமாக இருக்கட்டும்.


செம்பருத்தி எழுதியது:

மல்லிகை அக்கா, என் இளையவள் வளைகாப்பில் முதல் வளையல் நான்தான் போட்டேன். என் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து மணையருகில் கூட்டிப்போனார். ஒருத்தர் அப்படி நின்றால் போதும், மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். உங்கள் தங்கையிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், அக்கா. உள்ளே வைத்துப் புழுங்க வேண்டாம்.


மன்றவாசல் எழுதியது:

நான் வக்கீல் குமாஸ்தா. காவிரிக்கரை சாரின் ஃபைலைப் பற்றி எழுதுகிறேன். சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், எங்கே எதைக் கேட்கவேண்டும் என்ற வழிகாட்டலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவசரமானது. விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போடவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது. ஆடியில் நடந்தது என்கிறீர்கள். நாள் தாண்டியிருந்தாலும் கைவிட்டுவிடாதீர்கள். காவல் நிலையம் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அவன் சொந்த பைக் ஓட்டியிருந்தால் பைக் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் தரும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் சேர்ந்திருக்கலாம். எதிர் வண்டி மேல் போடும் வழக்கு வேறு, இது வேறு. நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை. பாஸ்புக்கில் வருஷத்துக்கு ஒரு முறை 20 ரூபாய் அல்லது 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 20 என்றால் பிரதமர் விபத்துக் காப்பீடு, 436 என்றால் ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றிலும் 2 லட்சம். கல்விக் கடன் பாக்கி இருந்தால் நீங்கள் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்று கேட்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

பி.எஃப்.பில் சேர்ந்த பணம் தனி. வேலையில் இருக்கும்போது இறந்ததால் அதோடு இணைந்த காப்பீட்டில் சம்பளத்தைப் பொறுத்து அதிகபட்சம் 7 லட்சம் வரை உண்டு. கல்யாணமாகாத பிள்ளை என்பதால், அவனைச் சார்ந்திருந்த அப்பாவுக்கும் அவருக்குப் பின் அம்மாவுக்கும் பென்ஷன் கிடைக்க வழி இருக்கிறது, சில நிபந்தனைகளோடு. கம்பெனி எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தில், இ-சேவை மையம் வழியாக. இதில் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே போய்க் கேட்டு அதிர வேண்டாம். 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கல்யாணமாகாத மகன் உயில் எழுதாமல் போனால் அவன் சொத்து அம்மாவுக்குத்தான். அம்மா முதல் வகுப்பு வாரிசு, அப்பா இரண்டாம் வகுப்பு. எத்தனையோ அப்பாக்கள் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் அவனுக்கு யாரு?" என்று எங்கள் மேஜை முன்னால் உடைந்து போயிருக்கிறார்கள். அது சொத்துக்குப் போட்ட கணக்கு, அவ்வளவுதான் சார்.

ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், வாக்காளர் பட்டியலில் நீக்க 7ஆம் எண் படிவம், இதெல்லாம் மெதுவாகப் போதும். வீட்டில் மனசு தயாரானதும் செய்யுங்கள். எதற்கும் இறப்புச் சான்றிதழ் நகல் நிறைய எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.


காவிரிக்கரை எழுதியது:

மன்றவாசல் சார், உங்கள் பதிவை மகள் சத்தமாகப் படித்தாள், நான் எழுதிக்கொண்டேன். பைக் பாலிசி கிடைத்தது, 15 லட்சம் என்று அதில் போட்டிருக்கிறது. வக்கீலையும் பார்த்தேன். காவல் நிலையத்து அறிக்கை போயிருக்கிறதா என்று விசாரிக்கிறேன் என்றார்.

அவர் பேச்சில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. கல்யாணமாகாத பிள்ளை என்றால் சம்பளத்தில் பாதியை அவனுடைய சொந்தச் செலவு என்று கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்களாம். என் மகன் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினான். அப்புறம், பிள்ளையின் அன்பை இழந்ததற்கு என்று 40 ஆயிரம் சொச்சம் என ஒரு கணக்கு இருக்கிறதாம். அந்தப் பணத்தை எப்படி வாங்குவது என்று மனைவி கேட்கிறாள். பிள்ளையை விற்ற காசு என்கிறாள்.


மன்றவாசல் எழுதியது:

சார், பாதி கழிப்பது உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த பொது அளவு. அவன் அனுப்பிய பணத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வையுங்கள், வக்கீல் வாதாடலாம். அந்த 40 ஆயிரத்தைப் பற்றி இப்படிப் பாருங்கள். வளர்ந்த பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் அன்பும் துணையும் போனதற்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018இல்தான் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் இறந்தவரும் 24 வயது, கல்யாணமாகாத பிள்ளை. அதற்கு முன்னால் இந்தத் தலைப்பில் பெரும்பாலும் மனைவி, சிறு குழந்தைகளுக்குத்தான் கொடுத்துவந்தார்கள். தொகை அற்பம்தான். ஆனால் உங்களுக்கும் இழப்பு என்று நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. பணத்தை வாங்கி என்ன செய்வது என்பது வேறு பேச்சு. எங்களிடம் வந்த ஒரு தாய் அதைத் தொடாமல், மகன் படித்த அரசுப் பள்ளியில் குடிநீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தார்.


வார்டு_சிஸ்டர் எழுதியது:

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை போன பெற்றோர் எங்களிடம் நேராக வருவதில்லை. மயங்கி விழுந்து, சுகர் 400 தொட்டு, மெடிக்கல் வார்டில் சேர்ந்து, அங்கிருந்து எங்களிடம் அனுப்பப்படுவார்கள். கேட்டால், "யாருக்காக மாத்திரை போடணும்?" என்பார்கள். காவிரிக்கரை ஐயா, மனைவியிடம் "மாத்திரை போட்டியா?" என்று கேட்காதீர்கள். காலையில் காபியோடு மாத்திரையையும் தம்ளர் தண்ணீரையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் விழுங்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் மாத்திரையை அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் திறந்து பேச முடியாத நாளிலும் இது நடக்கும்.

ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி அழ மாட்டார்கள். உங்கள் மனைவி மகன் படத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார், நீங்கள் தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருப்பீர்கள். "உங்களுக்கு வலிக்கலையா?" என்று அவருக்குத் தோன்றும். தோன்றினால் சொல்லுங்கள், பாத்தி கட்டும்போதும் அவன் நினைப்புதான் என்று.

எவ்வளவு நாள் அழுவது இயல்பு என்று எல்லோரும் கேட்பார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். 6 மாதம் தாண்டியும் துக்கம் இறங்காமல், வீட்டு வேலை, வெளி வேலை எதுவும் ஓடாமல், அவரவர் ஊர் வழக்கத்தையும் மீறி நின்றால்தான் அது. தினமும் அழுதுகொண்டே சமைத்து, அழுதுகொண்டே வேலைக்குப் போனால் அது நோய் இல்லை. ஆனால் சாப்பாட்டை வெறுத்தால், நாள்கணக்கில் படுக்கையைவிட்டு எழாவிட்டால், "நானும் அவனோட போயிடறேன்" என்ற பேச்சு வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மனாஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.


தென்முனை எழுதியது:

நாகர்கோவில். நாங்கள் கத்தோலிக்கர். மகன் 29 வயதில் கடலில் போனான். உடல் கிடைத்தது, அந்த மட்டில் கர்த்தருக்கு நன்றி.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு வருவார்கள். முந்தின நாளே புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து விடுவோம். சாயங்காலம் மெழுகுவத்தி. பக்கத்துக் கல்லறைக்காரர் அவர் மகளைப் பற்றிச் சொல்வார், நான் என் மகனைப் பற்றிச் சொல்வேன். வருஷத்தில் ஒரு நாளாவது அவன் பெயரை உரக்கச் சொல்ல எனக்கு இடம் இருக்கிறது. மற்ற நாளில் பெயரைச் சொன்னால் வீட்டுக்கு வந்தவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பேச்சை மாற்றாதீர்கள் என்று இந்த இழையில் எழுதி வைக்கிறேன். பெயர் கேட்டு நாங்கள் அழுதால் அழுதுவிட்டுப் போகிறோம்.


குறிஞ்சிமலர் எழுதியது:

என் மகனும் விபத்துதான். மூளைச்சாவு என்றார்கள், உறுப்புகளைக் கொடுத்தோம். 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்ததைப் பேப்பரில் படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. இப்போது அப்படிக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்கிறார்கள், 2023இல் அறிவித்தது. யாருக்குப் போனது என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. கூட்டத்தில் யாராவது வாலிபப் பையன் படியேறி மூச்சு வாங்கினால் மெதுவாக ஏறப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். இதனால் துக்கம் குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கொடுத்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

நேற்று தங்கைக்குப் போன் போட்டேன், செம்பருத்தி. கேட்டேவிட்டேன். அழுதாள். மாமியார் வீட்டில் சொன்னார்கள் அக்கா, எனக்கு வாய் வரவில்லை என்றாள். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது சமையல் நீதான் என்றிருக்கிறாள். பார்ப்போம்.

இன்னொரு விஷயம், மருமகள் இருப்பவர்களுக்காக. என் மருமகளுக்கு 30 வயதுதான், பேத்திக்கு நாலு. அவளுக்கு மறுமணம் பேசுகிறார்கள் அவள் வீட்டில். என் மகன் இருந்த இடத்தில் இன்னொருவன் என்று நினைக்கும்போதே வயிறு எரிகிறது. ஆனால் ராத்திரி அவள் தனியாக மொட்டை மாடியில் நிற்பதைப் பார்க்கிறேன். "நீ கல்யாணம் பண்ணிக்கோ, பாப்பாவை மாசம் ஒரு தடவை என்கிட்ட கொண்டுவந்து காட்டு" என்று சொல்லிவிட்டேன். என் காலில் விழுந்து கும்பிட்டாள். மகன் பெயரில் இருந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று சொந்தக்காரர்கள் தூண்டிவிட்டார்கள். என் பங்கைப் பேத்தி பேருக்கு எழுதப்போகிறேன்.


காவிரிக்கரை எழுதியது:

பைபாஸ் தம்பி சொன்ன மாதிரி மகனின் நண்பன் ஒருவனுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாலு பேர் பிளாஸ்கில் வெந்நீரோடு வந்துவிட்டார்கள். டியூஷன் நோட்டீஸைத் தனியாக எடுத்துவிட்டு, போஸ்டரை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார்கள். கிழியாமல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் இருந்ததையும் எடுத்தார்கள். எல்லாவற்றையும் அவர்களே ஆற்றில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

மனைவி இட்லியும் குடல் குழம்பும் செய்தாள். அவன் போன பிறகு எங்கள் வீட்டில் கறி எடுத்தது அன்றைக்குத்தான். அவன் ஹாஸ்டலில் யாரோ ஒரு பையனுக்கு பீஸ் கட்டியிருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. அந்தப் பையனும் வந்திருந்தான். மனைவி அவனுக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்போது, "எம்மவன் எப்பக் கட்டுனான், எவ்வளவு கட்டுனான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள்.

வருகிற ஆடியில் வருஷத் திதி. நான் அப்பன், நான் மகனுக்குத் திதி கொடுக்கலாமா, பங்காளி முறையில் சின்னவன் யாராவது கொடுக்கவேண்டுமா என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கரிசல்காட்டான் எழுதியது:

சார், இதில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறு. எங்கள் வீட்டில் தம்பி கொடுக்கவில்லை, பங்காளி பையன் ஒருவனை வைத்துக் கொடுத்தோம். உங்கள் வீட்டுக் காரியத்துக்கு வந்த ஐயரையோ பண்டாரத்தையோ கேளுங்கள். எது எப்படியானாலும் அன்றைக்கு வீட்டில் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பதை யாரும் தடுக்க முடியாது. நண்பர்களையும் கூப்பிடுங்கள்.


வெள்ளைச்சாக்பீஸ் எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மகளைப் பறிகொடுத்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கல்லூரி முடித்து முதல் சம்பளம் வாங்கியிருந்தாள். நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. விடுப்பு முடிந்து வரும் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவேண்டும். பிளஸ் டூ வகுப்பில் அவள் வயதை எட்டப்போகிற பெண்கள் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். எப்படிப் போய் நிற்பேன்?


செம்பருத்தி எழுதியது:

டீச்சர், என் மகள் போனபோது நான் தாலுகா ஆபீஸில் வேலையில் இருந்தேன். முதல் நாள் எது கஷ்டம் என்று சொல்கிறேன், அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமையே தலைமையாசிரியைக்குப் போன் செய்யுங்கள். ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து அழவேண்டாம் என்று அவரே எல்லோரிடமும் சொல்லட்டும். பிரேயரில் நிற்க வேண்டாம், பெல் அடித்த பிறகு போங்கள். முதல் நாள் பிளஸ் டூ வேண்டாம், ஆறாம் வகுப்பில் ஒரு பீரியடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் "எங்க டீச்சர் போனீங்க?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்துவிடுவார்கள். பிளஸ் டூ பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வகுப்பில் கண் கலங்கினால் போர்டு பக்கம் திரும்பி எழுதுங்கள், அவர்கள் சத்தம் போடாமல் இருப்பார்கள். நடத்த முடியாத நாளுக்கென்று ஒரு பழைய வினாத்தாளைப் பையில் வைத்திருங்கள், டெஸ்ட் எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள், தயிர்சாதமாவது கொண்டுபோங்கள். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் அதிகம் தாக்கும், அந்த நேரத்துக்கு யாராவது வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால் இங்கே எழுதுங்கள். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு நான் இருப்பேன். உங்கள் மகள் பெயர் என்ன, டீச்சர்?